அயல் வீட்டு அரவம்

‘அயல்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் வழங்குகின்றன. பக்கத்தில் இருப்பதும் அயல். நம்மோடு தொடர்பற்றதும் அயல். அயல்வீடு என்றால் சுவரை ஒட்டிய வீடு. அயல்நாடு என்றால் கடலுக்கு அப்பாற்பட்ட நாடு. வகுப்பறையில் இச்சொல்லைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். எனினும் அவ்விரு பொருளும் ஒரே வாசலுக்குள் குடிவந்து என்னை உறங்கவிடாமல் செய்த ஓராண்டுக் காலத்தில்தான் அதன் முழுப்பொருளும் எனக்கு விளங்கிற்று.

அரவத்தைக் குறிக்கும் சொற்களுக்கும் தமிழில் பஞ்சமில்லை. சும்மை, அழுங்கல், கம்பலை, கலி ஆகிய நான்கும் அரவப் பொருளில் வரும் என்பது தொல்காப்பிய உரியியல் கூறும் செய்தி. அவற்றுள் அழுங்கல் என்பதற்கு இரக்கம், கேடு என்னும் பொருள்களும் உண்டு. ஓசை எவ்விடத்தில் கேடாக மாறுகிறது என்பதை ஒரே சொல்லுக்குள் வைத்துப் பார்த்த மொழி நம்முடையது. (சும்மை என்றால் அரவம், ஆனால் நாம் இன்று ‘சும்மா இரு’ என்று சொல்லித்தான் அரவத்தை அடக்குகிறோம். இவ்விரண்டுக்கும் உறவு உண்டா என்னும் ஆராய்ச்சியை மாணவ நண்பர்களுக்கு விட்டுவிடுகிறேன்.)

நான் குடியிருப்பது பாளையங்கோட்டையில், பழைய தெரு ஒன்றில். நெல்லைச் சீமையில் ‘வளவு’ என்றொரு குடியிருப்பு முறை உண்டு. ஒரே வாசலுக்குள் வரிசையாக ஐந்தாறு வீடுகள்; அனைவருக்கும் பொதுவாக ஒரு முற்றம், ஒரு கிணறு. வளவுக்காரர், அதாவது வீட்டுச் சொந்தக்காரர், பெரும்பாலும் முன்வீட்டிலேயே இருப்பார். எந்த வீட்டில் குரல் உயர்ந்தாலும் அவருடைய செருமல் ஒன்று முற்றத்தைக் கடந்து வரும். அத்துடன் குரல் தாழும். இதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, காவல் நிலையமும் வேண்டியதில்லை. இரைச்சலால் வரும் தொல்லையை வாடகை வாங்குபவரும் சேர்ந்தே அனுபவித்தார் என்பதே அதன் சூட்சுமம். வளவு வாழ்க்கையைப் பொற்காலமாகப் போற்றுவோர் பலர். அக்கட்சியில் நான் சேரமாட்டேன். அங்கே அந்தரங்கம் என்பது அறவே கிடையாது. யாரை உள்ளே விடுவது என்பதில் சொந்தக்காரரின் சாதிக் கண்ணாடி வெகு தடிமனாகவும் இருந்தது. ஆயினும் இரைச்சலுக்கு ஒரு கடிவாளம் இருந்ததை மறுக்க இயலாது.

இன்று நிலைமை வேறு. எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீடுகளின் சொந்தக்காரர்கள் சென்னையிலும் வளைகுடாவிலும் வாழ்கிறார்கள். வீட்டைத் தரகர் ஒருவர் காட்டுகிறார். முன்பணம் வங்கி வழியே செல்கிறது. சாவி மளிகைக் கடையில் கைமாறுகிறது. வாடகைக்கு விட்டவர் அவ்வீட்டின் ஓசையைத் தம் வாழ்நாளில் ஒருமுறையும் கேட்கப்போவதில்லை.

என் வீட்டை ஒட்டிய வீடும் அத்தகையதே. இரண்டுக்கும் பொதுவாக நடுவில் நிற்பது நாலரை அங்குலச் சுவர். 2023 ஜூன் மாதம் அவ்வீட்டிற்கு ஆறு இளைஞர்கள் குடிவந்தார்கள். தனியார் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் வேலை, அனைவரும் வெளியூர். பகலெல்லாம் வெயிலில் அலைந்து, இரவு ஒன்பதரைக்கு மேல் வீடு திரும்புவார்கள். பிறகு பாட்டுப்பெட்டி தொடங்கும். முழங்காலளவு உயரத்தில், நெஞ்சில் அறைவது போன்ற தாழ்சுருதியை எழுப்பும் பெட்டி அது. பன்னிரண்டு மணிக்கு நண்பர்கள் வருவார்கள். புகைக்குழாயை மாற்றிப் பொருத்திய மோட்டார் சைக்கிள்கள் தெருவை எழுப்பிவிட்டே நிற்கும். காலையில் எங்கள் சுற்றுச்சுவரோரம் காலிப் போத்தல்கள் கிடக்கும். சுவரில் ஈரமும் நாற்றமும் இருக்கும். தனிப்பயிற்சிக்குச் செல்லும் மாணவியரைப் பார்த்து மாடியிலிருந்து குரல் கொடுப்பது மாலை வேளையின் பொழுதுபோக்காயிற்று.

இங்கே ஒலியின் இயல்பைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். சுவர் எல்லா ஓசையையும் ஒன்றுபோலத் தடுப்பதில்லை. உயர்ந்த சுருதியை ஓரளவு மறிக்கும்; தாழ்ந்த சுருதியை எளிதில் விட்டுவிடும். நொடிக்கு 50 அதிர்வுகள் கொண்ட ஒலியலையின் நீளம் காற்றில் ஏறத்தாழ 7 மீட்டர். நாலரை அங்குலச் செங்கல் அதற்கு ஒரு பொருட்டே அன்று. ஆகவே பாட்டின் சொல்லும் இசையும் அந்தப் பக்கமே நின்றுவிட, இடி மட்டும் இந்தப் பக்கம் வந்து சேரும். தமிழாசிரியனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை வேறு என்ன இருக்க முடியும்! பாட்டு நல்லதா கெட்டதா என்று குறை சொல்லவும் வழியில்லை.

ஒலியை அளக்கும் டெசிபல் அளவும் நம் கூட்டல் கணக்கிற்கு உட்பட்டதன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கிறது. ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டு வந்தன. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று அவை எல்லை வகுக்கின்றன; இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இருவர் எதிரெதிரே அமர்ந்து இயல்பாகப் பேசினாலே ஏறத்தாழ 60 டெசிபல் ஆகிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால் 45 என்பது எத்தகைய அமைதி என்பது புலப்படும். ஆனால் ஒன்று: மனிதச் செவியின் இயல்புக்கேற்பத் தாழ்சுருதியைக் குறைத்துக் கணக்கிடும் அளவுகோலையே அவ்விதிகள் பயன்படுத்துகின்றன. நெஞ்சை அதிரவைக்கும் இடி கருவியில் சிறிய எண்ணாகவே விழும். சுவருக்கு இப்பால் படுத்திருப்பவர் அறிவதைக் கருவி முழுமையாக அறிவதில்லை.

யார் யார் துன்புற்றார்கள்? எதிர்வீட்டில் இதய அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய பெரியவர் ஒருவர். மூன்றாம் வீட்டில், 2024 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவிருந்த மாணவி. எனக்கு அடுத்த வீட்டில் அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர். இவருடைய நிலைதான் விசித்திரமானது. வாரம் மாற்றி வாரம் இரவுப் பணி. சட்டம் ‘இரவு’ என்று காக்கும் எட்டு மணி நேரமும் அவர் நோயாளிகளின் கட்டிலருகே நிற்கிறார். அவருடைய இரவு காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞர்கள் வீட்டில் இருக்கும் பகலே அவருக்கு நடுநிசி. “சார், தூக்கமில்லாம ஊசி போடக் கை நடுங்கினா அதுக்கு யார் பொறுப்பு?” என்று அவர் கேட்டது இன்னும் என் செவியில் நிற்கிறது.

நாங்கள் முதலில் செய்தது நேரில் பேசியது. நள்ளிரவில் கதவைத் தட்டுவது சண்டைக்கு அழைப்பதற்குச் சமம் என்பதால், ஒரு ஞாயிறு முற்பகல் பதினொரு மணிக்கு நானும் எதிர்வீட்டு அண்ணாச்சியும் சென்றோம். பாய் விரித்து உட்காரச் சொன்னார்கள், தேநீர் வரவழைத்தார்கள். “சாரி சார், இனிமே சத்தம் வராது” என்றார் அவர்களுள் மூத்தவராகத் தோன்றியவர். அவருக்கு இருபத்து நான்கு வயது இருக்கலாம். இரண்டு அறைகளில் ஆறு பேர். மின்விசிறி ஒன்று. விற்பனை இலக்கு எட்டாவிட்டால் அம்மாதச் சம்பளத்தில் வெட்டு விழும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வேலை முடிந்து வரும் இளைஞன் இரவு பத்து மணிக்குக் காசு செலவின்றி உட்கார்ந்து பேச இந்நகரில் ஓரிடம் உண்டா என்று வீடு திரும்பும்போது நான் எண்ணிக்கொண்டேன். அவர்கள் சொன்ன சொல் நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் பெட்டி மீண்டும் முழங்கிற்று.

அடுத்து, சென்னையிலிருக்கும் வீட்டுச் சொந்தக்காரருடன் தொலைபேசியில் பேசினேன். “சார், மாசம் பொறந்தா அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வந்துருது. மத்ததை நீங்களே பேசித் தீத்துக்கிடுங்க” என்றார். பண்பில்லாத மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். தம் கணக்கில் அவர் சரியாகவே இருந்தார். வாடகை ஒப்பந்தம் என்பது இருவர் செய்துகொள்வது. அதன் சுமையைத் தாங்கும் மூன்றாமவருக்கு அதில் கையெழுத்தும் இல்லை, இடமும் இல்லை.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது இது இன்னும் தெளிவாயிற்று. தமிழ்நாட்டில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1960-ஆம் ஆண்டுக் கட்டட வாடகைச் சட்டம், பக்கத்துக் கட்டடங்களில் குடியிருப்போருக்குத் தொல்லை தரும் நடத்தையையும் வாடகைதாரரை வெளியேற்றுவதற்கான காரணங்களுள் ஒன்றாக வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. அதனை நீக்கி வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் பொதுத்தொல்லை விளைவிக்கும் வகையில் வீட்டைப் பயன்படுத்துவது ‘தவறான பயன்பாடு’ ஆகிறது. நிறுத்துமாறு அறிவிப்புக் கொடுத்தும் அது தொடர்ந்தால் வெளியேற்றக் கோரலாம். ஆனால் பழைய சட்டமாயினும் புதிய சட்டமாயினும் அவ்வழக்கைத் தொடுக்க வேண்டியவர் சொந்தக்காரர். உறக்கத்தை இழந்தவர் அல்லர். சொந்தக்காரரை அசைக்காமல் இந்த வாயிலில் நுழைய முடியாது.

அயலாருக்கென்று இருக்கும் வாயில் வேறு. 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, எல்லையை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினாலும், இரவு நேரத் தடையை மீறினாலும், பாதிக்கப்பட்ட எவரும் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் ஒலி மாசு குறித்து விரிவான தீர்ப்பொன்றை வழங்கியது. அவ்வழக்கின் பின்னணி பலர் அறியாதது. 1998 ஜனவரித் தொடக்கத்தில் நாளேடுகளில் வந்த செய்தி அது: பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளானாள், உதவி கேட்டு அவள் எழுப்பிய கூக்குரல், அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கி முழங்கிய முழக்கத்தில் எவர் செவியிலும் விழவில்லை, அன்று மாலையே அவள் தீக்குளித்து மாண்டாள். இச்செய்தியைப் படித்து மனம் பொறாத பொறியாளர் ஒருவர் நீதிமன்றத்தை நாடினார். இரைச்சல் உறக்கத்தை மட்டும் கெடுப்பதில்லை. ஒருவர் மற்றொருவரை அழைக்கும் குரலையும் அழித்துவிடுகிறது. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு இரவில் நெஞ்சு வலித்து மனைவி கூப்பிட்டால், ஆறடி தள்ளியிருக்கும் எனக்கு அது கேட்குமா? அந்தக் கேள்விக்குப் பிறகு ‘பொறுத்துப் போவோம்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2024 பிப்ரவரியில் தெருவார் கூடினோம். செவிலியரின் யோசனைப்படி ஒரு குறிப்பேடு அதற்கு முன்பே தொடங்கப்பட்டிருந்தது. மருத்துவமனையில் நோயாளியின் காய்ச்சலைக் குறிப்பது போலவே நாள், நேரம், என்ன ஓசை, எவ்வளவு நேரம் என்பவை வரிசையாக எழுதப்பட்டன. போத்தல்களுக்குத் தனிப்பத்தி. மாணவியரைக் கேலி செய்தது தனிப்பத்தி. அதனை இரைச்சலோடு சேர்க்கக் கூடாது என்பதில் செவிலியர் உறுதியாக இருந்தார். அது சரியே. பாட்டுப்பெட்டி பேசித் தீர்க்கத் தக்கது. பெண்ணைத் துன்புறுத்துவது அப்படியன்று. 1998-இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இத்தகைய கொடுமையால் உயிரிழந்த பின்னர் அதற்கெனத் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே வந்திருக்கிறது.

மனு எழுதும் பொறுப்பு, தமிழாசிரியன் என்பதால், என் தலையில் விழுந்தது. ஆனால் அதற்குள் தெருக்காரர் ஒருவர் தாமே ஒரு வரைவை எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதன் முதற்பத்தி முழுவதும் அவ்விளைஞர்களின் ஊர், சாதி, அவர்களுள் இருவர் எந்தச் சமயத்தவர், ‘நம் தெருவின் வழக்கத்திற்கு ஒவ்வாதவர்கள்’ என்பவையே. இரைச்சல் இரண்டாம் பத்தியில்தான் தலைகாட்டியது. நேரமும் நாளும் எங்குமே இல்லை. “இப்படி எழுதினாத்தான் ஸ்டேஷன்ல எடுபடும், சார்” என்றார். இருவர் தலையசைத்தார்கள்.

அன்று ஒன்றரை மணி நேரம் நடந்த வாக்குவாதம் அந்தப் பத்தியைப் பற்றியதே. என் கட்சி எளிமையானது. 45 டெசிபல் என்பதற்குச் சாதி இல்லை. இரவு பத்து மணிக்கு ஊர் இல்லை. சட்டம் நமக்குத் தந்திருப்பது நேரமும் அளவும் செயலும் மட்டுமே. அவற்றை விட்டுவிட்டு ஆட்களின் பிறப்பை எழுதினால், உறங்க விடுங்கள் என்னும் நியாயமான வேண்டுகோள் இவர்களை இங்கே இருக்க விடாதீர்கள் என்னும் அநியாயமான வேண்டுகோளாக மாறிவிடும். அதைவிட, அந்த ஆறு பேருள் ஒருவர் இரவுதோறும் வாசற்படியில் தனியே அமர்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்ததை நாங்கள் அனைவரும் பார்த்திருந்தோம். அந்தப் பெட்டியின் முதல் பலி அவர்தான். முதற்பத்தி அவரையும் சேர்த்தே குற்றவாளியாக்கியது.

இதை நான் இத்தனை அழுத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. என் நண்பர் ஒருவர், கல்லூரிப் பேராசிரியர், அமைதியே வடிவானவர். வேறொரு நகரில் வீடு தேடிச் சென்றபோது, வாடகையும் முன்பணமும் பேசி முடித்த பின் பெயரைக் கேட்டார்கள். சொன்னார். வீடு காலையிலேயே வேறொருவருக்கு முடிந்துவிட்டதாக விடை வந்தது. ‘வாடகைக்கு’ என்னும் பலகை மறுவாரமும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டில் காரணத்தை நாகரிகமாகச் சொன்னார்கள்: “சொந்தக்காரங்க நிறைய வந்து போவாங்க, சத்தமா இருக்கும்னு அக்கம்பக்கத்துல யோசிக்கிறாங்க.” அவர் வீட்டில் அவரும் துணைவியாரும் மட்டுமே. எழாத ஓசைக்கு அவர் தண்டிக்கப்பட்டார். இக்கதையை இம்மலரைப் படிப்போருள் பலரும் தம் வாழ்விலேயே அறிந்திருக்கக் கூடும். வாடகை வீட்டுச் சந்தையில் ‘சத்தம்’, ‘சுத்தம்’, ‘உணவு வாடை’ என்னும் சொற்கள் எதையெதை மறைக்கும் திரைகளாகின்றன என்பதை அறிந்தவன், உண்மையான சத்தத்தைப் பற்றி முறையிடும்போது இரட்டிப்பு எச்சரிக்கையோடு இருக்க வேண்டியிருக்கிறது.

முதற்பத்தி நீங்கிற்று. அதை எழுதியவர் கையொப்பமிட மறுத்து எழுந்து போனார். பதினொரு பேர் கையொப்பமிட்டோம். குறிப்பேட்டின் நாற்பது நாள் பதிவு நகலெடுக்கப்பட்டு இணைக்கப்பட்டது. ஒரு படி காவல்துறைக்கு; மற்றொன்று பதிவு அஞ்சலில் வீட்டுச் சொந்தக்காரருக்கு. முன்னர் 100-க்கு அழைத்தபோதெல்லாம் ரோந்து வாகனம் வரும், பெட்டி ஓயும், வாகனம் சென்றதும் மீண்டும் தொடங்கும். மனுவுக்குப் பின் நடந்தது வேறு. ஆய்வாளர் இளைஞர்களை அழைத்து விசாரித்தார். சொந்தக்காரரையும் தொலைபேசியில் பேசவைத்தார். நாளும் நேரமும் வரிசையாக இருந்ததால் எவராலும் மறுக்க முடியவில்லை. கேலி செய்த இருவரிடம் தனியே எழுதி வாங்கினார்கள். அவர்கள் ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்தார்கள். பெட்டி பின்னறைக்கு, எங்கள் சுவருக்கு எதிர்ப்புறம் மாறியது. பத்து மணிக்கு மேல் ஒலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒலித்த நாள்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவையாயின. மாணவி தேர்வை எழுதி முடித்தாள்.

எஞ்சிய நால்வருள் போட்டித் தேர்வுக்குப் படித்தவரும் மற்றொருவரும் இன்னும் அதே வீட்டில் இருக்கிறார்கள். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தபோது, இனிமேல் குடும்பத்தாருக்கு மட்டுமே விட வேண்டும் என்று தெருவில் சிலர் சொந்தக்காரருக்குச் சொல்லியனுப்பினார்கள். நான் அதில் சேரவில்லை, செவிலியரும் சேரவில்லை. திருமணமாகாதவர் வீட்டில்தான் இரைச்சல் பிறக்கிறது என்பதற்குக் குறிப்பேட்டில் ஆதாரம் ஏதும் இல்லை என்று அவர் சொன்னார். புதிய ஒப்பந்தத்தில் இரவு பத்து மணிக்கு மேல் ஓசை சுவரைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி சேர்ந்தது. சொந்தக்காரர் தம் கைப்பேசி எண்ணை மூன்று வீட்டாருக்குக் கொடுத்தார்.

குறிப்பேடு இப்போதும் செவிலியர் வீட்டில் இருக்கிறது. அண்மையில் எங்கள் தெருவில், மூன்று தலைமுறையாகச் சொந்த வீட்டில் வாழும் குடும்பத்தில், சடங்கு விழா ஒன்று நடந்தது. பந்தலின் இரு முனையிலும் ஆளுயர ஒலிபெட்டிகள். பதினொரு மணி கடந்தும் பாட்டு ஓயவில்லை. மறுநாள் காலை பணிமுடிந்து திரும்பிய செவிலியர் என்னிடம் குறிப்பேட்டைக் காட்டினார். வீட்டிலிருந்த அவருடைய தாயார் பார்த்துச் சொல்ல, நாள், இடம், முடிந்த நேரம் 11.50 என்று எழுதியிருந்தார். அந்த வீட்டார்தாம் அன்று கையொப்பமிடாமல் எழுந்து போனவர்கள். செய்தி எப்படியோ அவர்கள் செவிக்கு எட்டிவிட்டது. மூன்று வாரங்களாக அவர்கள் செவிலியரோடு பேசுவதில்லை.